மஸ்டோ ஸ்கிஃப், ஆர்எஸ்700: இணைக்கலாமா?

இந்த இரண்டு பந்தயப் பாய்மரப் படகு வகுப்புகளையும் ஒன்றாக்கலாமா என்பதே கேள்வி. இரண்டும் ஒருவர் ஓட்டும் படகுகள்: ஒற்றை ட்ரப்பீஸ் (ஓட்டுபவர் படகுக்கு வெளியே தொங்க உதவும் கம்பி), சமச்சீரற்ற ஸ்பின்னக்கர் (பின்காற்றில் விரிக்கும் பெரிய முன்பாய்), கார்பன் பாய்மரக் கம்பம். நீளம் முறையே 4.55, 4.68 மீட்டர். பார்வைக்கு இரட்டையர், சிக்கல் உடல் எடையில் இருக்கிறது. ஆர்எஸ்700-இல் ஓட்டுபவரின் எடைக்கேற்பப் பக்கச் சட்டங்களின் (அவர் வெளியே சாய்ந்து நிற்கும் விளிம்புகள்) அகலம் மாறும். ஒல்லியானவருக்கு நெம்பு விசை கூடும். மஸ்டோவில் அந்த ஏற்பாடே கிடையாது. பலத்த காற்றில் எதிர்க்காற்றுப் பாதையில் கனமானவர் முந்துவார், மென்காற்றில் இலகுவானவர்.

1996-இல் இருவர் ஓட்டும் 14 அடிப் படகு வகுப்புகளான இன்டர்நேஷனல் 14-உம் ஆஸ்திரேலிய 14-உம் இணைந்தது அருமையான முன்னுதாரணம். ஆனால் அவை வளர்ச்சி வகுப்புகள். படகின் உடல் வடிவம் வேறுபட விதியே இடம் தந்தது. ஒரே வார்ப்பில் பிறந்த படகுகளைக் கலந்தால் ஒரு தரப்பின் படகுகள் மதிப்பிழக்கும். மஸ்டோ, ஆர்எஸ்700 இரண்டுக்கும் பந்தயத்தில் பொதுத் தொடக்கம், தனித்தனி முடிவுகள் போதும். புதிதாக வாங்கும் இலகு உடலினர் ஆர்எஸ்700-ஐயே எடுங்கள்.