சட்டமன்றமா, நாடாளுமன்றமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது நம் சுங்கை சிப்புட். அரசியலில் இறங்க நினைக்கும் நம் பையன்கள் கோப்பிக் கடையில் இதைத்தான் கேட்கிறார்கள்: எதற்கு நிற்பது?

செலவு: சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் இரண்டிலும் பணம் போச்சு.

தூரம்: சட்டமன்றம் கூடும் ஈப்போ அரை மணி நேரம். நாடாளுமன்றம் இருக்கும் கோலாலம்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல்.

அதிகாரம்: இங்கேதான் விஷயம். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். தோட்டத்துக் கோவில் நிற்கும் மண்ணுக்குப் பட்டா, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் அடைத்துக்கொண்ட கால்வாய், மயானத்துக்குப் பாதை, எல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் தலையில்தான் விழும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காத்திருக்கும் பாட்டிக்குக் குடியுரிமை, தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் என்றால் அது மத்திய அரசு. நாடாளுமன்றத்தில்தான் பேச வேண்டும்.

வாழ்க்கை: சட்டமன்றத்துக்காரருக்கு விடுமுறை கிடையாது. காலையில் சாவு வீடு, மதியம் நில அலுவலகம், ராத்திரி திருவிழா. கார் பின்சீட்டில் மனுக் கட்டும் மாலையும் ஒன்றாகக் கிடக்கும். நாடாளுமன்றத்துக்காரருக்கு வட்டாரம் பெரிது. லிந்தாங், ஜாலோங் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் அவருடையதில் அடக்கம். ஆனால், கூட்டத்தொடர் என்று சொல்லித் தப்பிக்கலாம்!

பெயர்: நாடாளுமன்றம்தான். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர்களாக இருந்த சம்பந்தனும் சாமிவேலுவும் இங்கிருந்து நாடாளுமன்றம் போய், இந்த ஊரை நாடறியச் செய்தது அப்படித்தான். சரி, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகவும் வழி உண்டு: கேசவன் பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் சட்டமன்றத் தொகுதியிலிருந்து 2018இல் இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக வந்தவர்.

நிலப் பிரச்சினையில் வளர்ந்து, ஊரை விட்டு நகர மனமில்லாதவருக்குச் சட்டமன்றம். குடியுரிமை, கல்வி என்று வாதாடத் தெரிந்தவருக்கு நாடாளுமன்றம். முதல் தடவை நிற்பவரா? என்னைக் கேட்டால், 5,000 ரிங்கிட்டோடு ஆரம்பிக்கட்டும்.