ஃபிஷ்ஷை உள்நுழைவு ஷெல்லாக வைத்திருந்த அனுபவம்

கீழக்கரையில் இருக்கும் நண்பர் ஒருவர், தம் உபுண்டு கணினியில் பாஷ் ஷெல்லை விட்டுவிட்டு ஃபிஷ்ஷுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தார். ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்; பாஷும் ஃபிஷ்ஷும் அதில் இரு வகை. என் மேசைக்கணினி பழுது பார்த்துத் திரும்பி வந்த வேளையில் அந்தக் கேள்வி வந்ததால், விடை சற்று சூடாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

மண்டபத்தில் மீன் கொள்முதல் கணக்கு எழுதும் கணினி அது. உப்புக் காற்றில் ரேம் செருகும் இடத்தில் பச்சை பூத்து, மதர்போர்டு வரை அரித்துவிட்டது. கடலோரத்தில் கணினி வைத்திருப்பவர் எவரும் இதற்கு வியப்படைய மாட்டார். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில், எங்களுக்கு எழுத எடைச்சீட்டு அதிகம் இருக்காது என்பதால் அப்போதுதான் பழுதுக்குக் கொடுத்தோம். இயங்குதளம் புதிய எஸ்எஸ்டியில் ஏறியது. என் சொந்தக் கோப்புகளின் வீடான ஹோம் கோப்புறை பழைய வட்டிலேயே அப்படியே இருந்தது.

திரும்பி வந்த கணினியில் முனையத்தை, அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தைத் திறந்தால், முன்பிருந்த ஃபிஷ்ஷுக்குப் பதில் பாஷ் நிற்கிறது. காரணம் எளிது: உள்நுழைவு ஷெல், அதாவது உள்நுழைந்ததும் தொடங்கும் ஷெல், எது என்பது ஹோம் கோப்புறையில் எழுதப்படுவதில்லை. அது ஈடிசி கோப்புறையின் பாஸ்டபிள்யூடி கோப்பில், ஒவ்வொரு பயனருக்கும் உள்ள வரியில், முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்களுள் கடைசிப் புலத்தில் இருக்கிறது. அமைப்புகளும் பழைய கட்டளை வரலாறும் வீட்டோடு வந்துவிட்டன. அவற்றைப் படிக்க வேண்டிய ஷெல் வரவில்லை. உள்நுழைவு ஷெல்லை மாற்றும் சிஎச்எஸ்எச் கட்டளையைக் கொடுத்தால் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்ததும் நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் மாற்றம் உறுதியாகும். ஏற்கத்தக்க ஷெல்களைப் பட்டியலிடும் ஈடிசி ஷெல்ஸ் கோப்பில் பெயர் இல்லாத ஷெல்லைச் சாதாரணப் பயனருக்கு அது ஏற்கவும் செய்யாது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஃபிஷ்ஷின் மீது எனக்குள்ள பற்றுக்கு முதற்காரணம் அதன் வண்ணங்கள் அல்ல, அதன் நினைவாற்றல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே மின்சாரம் நொடிப்பொழுதில் போய் வரும். யூபிஎஸ் பேட்டரி வலுவிழந்திருந்தால் கணினி அந்த நொடியிலேயே அணைந்துவிடும். பாஷ், அதன் இயல்பான அமைப்பில், அமர்வு முடியும்போதுதான் கட்டளை வரலாற்றைக் கோப்பில் எழுதுகிறது. எனவே மின்வெட்டில் காலை முதல் அடித்த அத்தனையும் போய்விடும். ஃபிஷ்ஷோ ஒவ்வொரு கட்டளையையும் அவ்வப்போதே எழுதி வைக்கிறது. கடைசி வரி ஒன்றிரண்டு போனாலும் மற்றவை மிஞ்சும். பாஷிலும் பிராம்ப்ட் கமாண்ட் மாறியில் ஹிஸ்டரி கட்டளையை வைத்து இதே பயனைப் பெறலாம் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே அதை நாம் தேடிப் போய்ச் செய்ய வேண்டும்.

மாலையில் கணக்குக் கோப்புகளை வெளிச் சேவையகத்துக்கு அனுப்பும் ஆர்சிங்க் வரி, விலக்க வேண்டிய கோப்புறைகளோடு சேர்த்து முனையத்தில் இரண்டு வரிக்கு ஓடும். ஃபிஷ்ஷில் நான் முதல் இரண்டு எழுத்துகளை அடித்ததுமே, வரலாற்றிலிருந்து எடுத்த மீதி சாம்பல் நிறத்தில் முன்னே நிற்கும். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் முழு வரியும் என்னுடையது. ஈர விரலோடு விசைப்பலகையைத் தொடுபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி எரிச்சல். உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கும் பாஷ், பொதுவான ஈடிசி புரொஃபைலுக்குப் பிறகு, டாட் பாஷ் புரொஃபைல், டாட் பாஷ் லாகின், டாட் புரொஃபைல் என்ற தொடக்க அமைப்புக் கோப்புகளை இதே வரிசையில் தேடி, முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தொடாது. முனையச் சாளரம் வழக்கமாகத் திறப்பதோ உள்நுழைவு ஷெல்லே அல்ல. அங்கே டாட் பாஷ்ஆர்சி மட்டும் படிக்கப்படும். இந்தக் குழப்பத்தில் பாதியை ஃபிஷ் தீர்த்து, எந்த நிலையில் தொடங்கினாலும் தன் அமைப்புக் கோப்பான கான்ஃபிக் டாட் ஃபிஷ்ஷைப் படிக்கிறது. ஆனால் டாட் புரொஃபைலை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிறுவப்படும் மென்பொருள்கள் பலவும் தங்கள் பாத் வரியை, அதாவது நிரலை எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்று சொல்லும் வரியை, எழுதிவைப்பது அங்கேதான்.

விளைவு என் கணினியில் இப்படி இருந்தது. வரைகலைத் திரையை இயக்கும் முறைகள் எக்ஸ், வேலண்ட் என இரண்டு. உள்நுழையும் திரையில் எக்ஸ் அமர்வைத் தேர்ந்தால், அதைத் தொடங்கும் நிரல் டாட் புரொஃபைலைத் தானே படித்துவிடுவதால் எடைச்சீட்டு நிரலின் ஐகான் வேலை செய்யும். வேலண்ட் அமர்வைத் தேர்ந்தால், அமர்வு உள்நுழைவு ஷெல் வழியாகத் தொடங்குவதால், அதே ஐகானை எத்தனை முறை சொடுக்கினாலும் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. பற்சக்கரப் பொத்தானில் எதைத் தேர்ந்தோம் என்பதைப் பொறுத்து ஒரு கணக்கு நிரல் இயங்குவதும் இயங்காததும் எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு பாத் வரியையும் ஃபிஷ்ஷின் இலக்கணத்தில் மறுபடி எழுதினால் சரியாகிவிடும். ஆனால் புதிதாக ஒன்றை நிறுவும்போதெல்லாம் அதே வேலை திரும்ப வருகிறது.

ஆகவே நண்பருக்கு என் விடை: மாற்ற வேண்டாம். உள்நுழைவு ஷெல் பாஷாகவே இருக்கட்டும். முனையத்தின் சுயவிவர அமைப்பில், ஷெல்லுக்குப் பதிலாக இயக்கவேண்டிய கட்டளை என்ற இடத்தில் ஃபிஷ் என்று எழுதிவிடுங்கள். டாட் புரொஃபைல் படிக்கப்படும், ஐகான்கள் இயங்கும், முனையத்தில் சாம்பல் நிறப் பரிந்துரையும் வரும். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பழுது முடிந்து வந்த பிறகு நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மீன் இறங்குதளத்தில் நின்றுகொண்டு கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் அங்கே வெறும் பாஷ் நிற்கிறது, அந்த இரண்டு வரி ஆர்சிங்க்கைக் கட்டைவிரலால் முழுதாக அடிக்க வேண்டியிருக்கிறது. அன்று இரவே சிஎச்எஸ்எச் கொடுத்து ஃபிஷ்ஷுக்குத் திரும்பிவிட்டேன்; ஐகான் இன்னும் வேலண்டில் திறக்கவில்லை.