காலுக்குள் ஏழு வருடம்: டைட்டானியம் ராட் பற்றி என் அனுபவம்

2018 ஜூலையில், விடாத சாரலில், கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. அன்றே மலை இறங்கிக் கோவையில் அறுவை. முழங்காலுக்குக் கீழே சின்னதாகக் கீறி, எலும்பின் நடுவே நீளமாக ஒரு ராட் இறக்கி, மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்குரூ போட்டார்கள்.

"ஸ்டீலா, டைட்டானியமா?" என்று டாக்டர் முன்னாலேயே கேட்டார். எது கெட்டியோ அதைப் போடுங்கள் என்றேன். கெட்டி இங்கே முக்கியமில்லை, விறைப்புதான், அதாவது வளைந்து கொடுக்காத தன்மைதான் கணக்கு என்றார். ஸ்டீலின் விறைப்பு ஏறக்குறைய 190 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியக் கலவைக்கு 110, எலும்புக்கு 20 கூட வராது. விறைத்த உலோகமே பாரம் முழுவதையும் சுமந்தால், வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும். எனக்கு உடனே புரிந்தது. சில்வர் ஓக் கன்றுக்கு முட்டுக்குச்சியை அசையவிடாமல் இறுக்கிக் கட்டினால் தண்டு தேறாது. காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும்.

எனக்குப் போட்டது டைட்டானியத்தில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை. ஆறாம் மாதம் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்குத் திரும்பினேன். ராட் உள்ளே இருப்பதே பல நாள் நினைவில் இருக்காது.

குறையும் உண்டு. மண்டியிட்டுக் களை பிடுங்கினால், ராட் இறக்கிய இடத்தில் இன்றைக்கும் வலி. இந்த ராட் போட்ட பலருக்கும் இது வருவதுதான் என்றார் டாக்டர். இரண்டாவது தொந்தரவு, கணுக்கால் பக்கத்து ஸ்குரூ ஒன்று. அங்கே தோலுக்கடியில் சதையே கிடையாது. கம்பூட்ஸ் போட்டால் உரசும், ஜனவரி உறைபனிக் காலையில் விண் விண் என்று தெறிக்கும். மூன்றாம் வருடம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டோம்.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், வெளிர் பச்சை நிறம். அந்தப் பச்சை பெயின்ட் இல்லை. மேலே படிந்த ஆக்சைடு படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி காட்டும் நிறம். துருவை அண்டவிடாததும் அதே படலம்தான். கீறினாலும் உடனே தானாக மூடிக்கொள்ளும். மூன்று வருடம் ரத்தத்திலும் உப்பிலும் கிடந்தும் ஒரு புள்ளி துரு இல்லை. எங்கள் மூடுபனியில் கவாத்துக் கத்தியை ஒரு வாரம் துடைக்காமல் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் இதன் அருமை.

காந்தம் ஒட்டாவிட்டால் டைட்டானியம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். அறுவைக்குப் பயன்படும் 316எல் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. எடைதான் காட்டிக்கொடுக்கும். அதே அளவு ஸ்டீல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும்.

என் பெரிய வருத்தம் உலோகத்தின் மேல் இல்லை, காகிதத்தின் மேல். 2022-இல் முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனேன். "அண்ணா, கால்ல இருக்கிறது என்ன மெட்டல்?" என்று கேட்டார் அங்கிருந்த தம்பி. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ராட்' என்று மட்டும்தான் இருந்தது. டைட்டானியம் என்று நான் வாயால் சொன்னது போதவில்லை. எம்ஆர்ஐ காந்தத்துக்கு முன்னால் அவர்கள் அப்படிக் கேட்பதுதான் சரி. அறுவை செய்த இடத்தில் பழைய பதிவைத் தோண்டி எடுக்கப் பத்து நாள், இரண்டு முறை மலை இறங்கி ஏறினேன். இம்ப்ளான்ட் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் கலவை, அளவு, தொகுதி எண் எல்லாம் இருக்கும். அறுவை முடிந்த அன்றே அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு ஸ்குரூ கழற்ற வேண்டி வந்தாலும், எந்தக் கருவி பொருந்தும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.

மீதி மூன்று ஸ்குரூவும் ராட்டும் உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்ந்துவிடும். 1952-இல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனபோதுதான் ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் இதைக் கவனித்தார், பல் இம்ப்ளான்டுக்கே அதுதான் அடிப்படை. ஒட்டிய பிறகு பிடுங்குவது சுலபமில்லை. தொந்தரவு இல்லாதவரை தொட வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். களைக்கு மட்டும் ஒரு சின்ன முக்காலி வாங்கிக்கொண்டேன்.