பாண்டி பஜார் நடைபாதை வளாகம்: யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?

தியாகராய நகரில் துணி எடுக்கப் போவதென்றால், பனகல் பூங்கா அருகே பேருந்தை விட்டு இறங்கியதும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் ஓடும் ஆட்டோக்களுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடப்பதுதான் என் தலைமுறைக்குப் பழக்கம். இன்று அதே தியாகராய சாலையில், கைத்தடி ஊன்றி நடக்கும் என் அம்மா எனக்கு ஐந்தடி முன்னால், என் கையைப் பிடிக்காமல் நடந்து போகிறார். சவுந்தர பாண்டியனார் அங்காடி என்று அரசுப் பெயர் இருந்தாலும் ஊர் பாண்டி பஜார் என்றே அழைக்கும் இந்த வீதிக்கு நான் முதலில் தரும் மதிப்பெண் அந்தக் காட்சிக்காகத்தான்.

சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்ட இவ்வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனங்களுக்கான இடம் குறுக்கப்பட்டு, இருபுறமும் அகலமான நடைபாதை, இருக்கைகள், செடித் தொட்டிகள், குழந்தைகள் ஏறி விளையாடுவதற்கான சில அமைப்புகள் என மாறியிருக்கிறது. பகல் வெயிலுக்கு நிழல் போதாது என்பதால், மாலை ஐந்து மணிக்கு மேல் போவதே நல்லது. கட்டுமானத்தைப் பற்றி இவ்வளவு போதும். நான் விரிவாக எழுத விரும்புவது, இதைத் திட்டமிட்டபோது மக்களிடம் கருத்துக் கேட்ட முறையைப் பற்றி.

2014-இலேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் மோட்டார் வாகனமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் கொள்கை என்பது தாளில் இருப்பது. கடைக்காரருக்கு அன்றாடக் கல்லாப்பெட்டி முக்கியம். வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார் என்ற அச்சம், உலகில் எந்தக் கடைத்தெருவைச் சீரமைக்கப் புகுந்தாலும் முதலில் எழுகிறது. அதற்குச் சொல்லால் பதில் சொல்லி முடியாது. இங்கே செய்த நல்ல காரியம், கட்டுவதற்கு முன்பே, 2016-இல், சாலையில் வாகனப் போக்குவரத்தைத் தடுத்து மக்களை நடக்கவிட்டு வெள்ளோட்டம் பார்த்தது. ஐ.டி.டி.பி. போன்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனங்களும் இம்முயற்சியில் துணைநின்றன. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அன்று காலால் நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல முடிந்தது. என் மதிப்பில், இத்திட்டத்தின் சிறந்த கருத்துக் கேட்பு அந்த வெள்ளோட்டம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சாலையின் சீரமைப்புக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேலைநாள், முற்பகல் பதினொரு மணி. திரையில் ஓடிய விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன் வரிசைகளில் வணிகர் சங்கத்தினரும் குடியிருப்போர் நலச்சங்கத்தினரும் அமர்ந்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்த பூக்காரம்மா ஒருவர் எழுந்து, "சார், இதுல அந்த வேப்பமரம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த மரத்தடியில்தான் அவர் கடை போடுகிறார். வரைபடத்தில் மரம் குறிக்கப்படவில்லை. மேடையில் இருந்தவர்களுக்குப் பதிலும் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பாண்டி பஜாரிலும் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. இவ்வீதியின் நடைபாதையில் வளையலும் பொட்டும் செருப்பும் விற்றுவந்த வியாபாரிகள், நீண்டகால நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் 2013-இலேயே அவர்களுக்கெனக் கட்டப்பட்ட பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். ஆகவே நடைபாதையை அகலமாக்கும் வரைபடம் விரிக்கப்பட்டபோது, அந்த நடைபாதையைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் அதன் மேல் இல்லை. தெருவில் போகிறவரின் கண்ணில் பட்டு விற்பனையாகும் பொருளை மாடி ஏறி வந்து வாங்குபவர்கள் குறைவு. இடம் இல்லை என்று அகற்றப்பட்டவர்களுக்கு, இடம் உண்டான பிறகு ஒரு பங்கை ஒதுக்கலாமா என்ற கேள்வியைத் திட்டத்தின் நடுவில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாததால், இவ்வளவு அகலமான நடைபாதை சில இடங்களில் வெறுமையாகவும், வேறு சில இடங்களில் இருசக்கர வாகனங்கள் ஏறி நிற்கும் திண்ணையாகவும் கிடக்கிறது.

கருத்துக் கேட்பில் விடுபடும் இன்னொரு கூட்டம், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள். துணிக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021-இல்தான். நாளெல்லாம் நின்ற கால்களோடு, சீருடையை மாற்றாமல் அவர்கள் இந்த இருக்கைகளில் அமர்ந்து தேநீர் குடிப்பதை இப்போது மாலைகளில் பார்க்கிறேன். வளாகத்தை மிகுதியாகப் பயன்படுத்துபவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் எந்தச் சங்கத்தின் பெயரிலும் அவர்களுக்கு அழைப்பு போவதில்லை. இருக்கைக்கு மேல் நிழலும், எட்டும் தூரத்தில் சுத்தமான கழிப்பறையும் வேண்டும் என்று அவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

வெள்ளோட்டத்துக்காகவும் இன்றைய நடைக்காகவும் ஐந்துக்கு நான்கு தருவேன். கேட்கப்பட்டவர்களின் பட்டியலுக்கு இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை. அடுத்த வீதியைத் தொடும்போது செய்ய வேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், சாலையோர வியாபாரத்தை முறைப்படுத்த அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்கள் வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுத்தவர்களுக்கு உரியவை என்றும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் சொல்கிறது. வரைபடம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும் முன் அந்தக் குழுவின் மேசைக்குத் தமிழில் போகட்டும்; அதில் வேப்பமரமும் குறிக்கப்பட்டிருக்கட்டும்.