டிராப்பாக்ஸுக்கு இன்னும் காசு கட்டுகிறேன்: ஒரு பிரிக்ஃபீல்ட்ஸ் கடையின் அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு சின்ன வடிவமைப்புக் கடை. கல்யாணப் பத்திரிகை, கோவில் பேனர், திருவிழா மலர்ப் புத்தகம் என்று வேலை ஓடும். கோப்புகள் எல்லாம் பல ஆண்டுகளாக, இணையத்தில் கோப்புகளைச் சேமித்து எல்லாக் கணினிக்கும் கொண்டுவரும் டிராப்பாக்ஸில்தான் இருக்கின்றன. சந்தா புதுப்பிக்கும் மாதம் வந்தால் தம்பி தவறாமல் கேட்பான்: "ஆபீஸுக்காக மைக்ரோசாஃப்ட் 365 வாங்குறோம், அதுலேயே 1 டிபி இடம் வருது. அப்புறம் இது எதுக்குண்ணே?"

நியாயமான கேள்வி. இடத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் தனிச் சேவைகள் தோற்றுத்தான் போகும். டிராப்பாக்ஸ் இலவசமாகத் தருவது 2 ஜிபி. கூகுள், ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபி தருகிறது. 2009-லேயே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் டிராப்பாக்ஸை வாங்கப் பார்த்தார். நிறுவனர்கள் மறுத்தபோது, இது தனியாக விற்கும் பொருளே அல்ல, வேறொன்றோடு சேர்ந்து வரவேண்டிய வசதி என்று சொன்னார். 2011-இல் ஆப்பிளின் ஐகிளவுட் வந்தது, 2012-இல் கூகுள் டிரைவ் வந்தது. அவர் சொன்னது பாதி பலித்துவிட்டது.

மீதிப் பாதியைத்தான் நான் கடையில் தினமும் பார்க்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரங்களில் மலர் வேலை உச்சத்தில் இருக்கும். கோவில் பொருளாளர் ராத்திரியில் கூப்பிட்டு, உபயதாரர் பெயரில் ஒற்று விட்டுப்போச்சு என்பார். கோப்போ பல நூறு எம்பி. டிராப்பாக்ஸ் ஒவ்வொரு கோப்பையும் 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மாறிய துண்டுகளை மட்டும் இணையத்துக்கு அனுப்புகிறது. மாடியில் அச்சுக்கு அனுப்பும் கணினி அதை இணையத்திலிருந்து இறக்குவதில்லை; கடைக்குள்ளேயே, கீழே இருக்கும் கணினியிடமிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. நான் படியேறிப் போவதற்குள் திருத்திய கோப்பு அங்கே இருக்கும். துண்டு துண்டாக ஏற்றுவதை மைக்ரோசாஃப்டின் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவும் 2020 முதல் எல்லா வகைக் கோப்புகளுக்கும் செய்கிறது, அதனால் அதை மட்டும் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

ஆனால் எங்கள் கடையில் ஒரு மேக், இரண்டு விண்டோஸ், பில் போட லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய கணினி. லினக்ஸுக்கு கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்கள் டிரைவ் செயலியைத் தரவே இல்லை. டிராப்பாக்ஸ் தருகிறது. யாருடைய கணினியையும் விற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை என்பதால் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

இன்னொன்று பழைய பதிப்புகள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மேலே வரணும் என்பார்கள், மறுநாள் பெரியப்பா கோபித்துக்கொண்டார் என்று பழையபடியே வைக்கச் சொல்வார்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் நேற்றைய பதிப்பு கிடைத்துவிடும். தனிநபருக்கான பிளஸ் சந்தாவில் 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். ஒரு பத்திரிகைக்கு இது தாராளம்.

சரி, எங்கே வருத்தம்? விலைப் படிகளில். இலவச 2 ஜிபியைத் தாண்டினால் தனிநபருக்கு அடுத்த படியே 2 டிபிதான். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினாலும் மாதம் 9.99 டாலர் ஆகிறது. இலவசக் கணக்கை 2019-இலிருந்து மூன்று கருவிகளில் மட்டுமே இணைக்க முடிகிறது. என் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பாடக் குறிப்பு, பயிற்றி, பள்ளி விழாப் படங்கள் எல்லாம் சேர்ந்தாலும் 100 ஜிபி வராது. கூகுளில் அவருக்கு ஏற்ற 100 ஜிபி திட்டம் இருக்கிறது, அங்கே போகச் சொன்னதே நான்தான். இப்படிப்பட்டவர்களைக் கைவிட்டுவிட்டு, மின்கையொப்பச் சேவை ஒன்றை 2019-இலும், ஆவணங்களைப் பகிரும் டாக்செண்டை 2021-இலும் வாங்கி, இப்போது டேஷ் என்ற தேடல் கருவிக்குப் பின்னால் ஓடுகிறார்கள். எனக்கு இதில் எதுவுமே பயன்படவில்லை. பதிவு செய்தவர்கள் 70 கோடிக்கு மேல், காசு கட்டுபவர்கள் 2 கோடிக்கும் குறைவு. 2024 அக்டோபரில் ஊழியர்களில் 20 சதவீதம் பேரை வேறு அனுப்பிவிட்டார்கள். நம்பியிருக்கும் எனக்கு இது உண்மையிலேயே கவலை.

தனிக் கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது என்பது தம்பியின் அடுத்த கேள்வி. இதே மாதிரிச் சேமிப்புச் சேவைகளில் வுவாலா 2015-இல் மூடியது, காப்பி (Copy) 2016-இல். ஆனால் அமேசான் டிரைவும் 2023 கடைசியில் மூடப்பட்டதே! பெரிய கம்பெனிக்கு இது பக்க வியாபாரம், வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போய்விடலாம். டிராப்பாக்ஸுக்கு இதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் இடம் தருகிறோம் என்று பிகிளவுட் என்ற இன்னொரு சேவை விற்கிறது. வட்டுகளை மாற்றும் செலவு ஆண்டுதோறும் வரும்போது ஒருமுறை வாங்கிய பணம் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தயக்கம், சேரவில்லை.

இப்போதைக்கு வீட்டுப் படங்களை கூகுளுக்கு மாற்றிவிட்டேன். கடை வேலை டிராப்பாக்ஸில், அதன் நகல் ஒரு வெளி வட்டில். சந்தாவையும் கட்டியாகிவிட்டது. 200 ஜிபிக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தால் அக்காவையும் அவருடைய பள்ளி ஆசிரியர்களையும் நானே சேர்த்துவிடத் தயார்.