நாலு ஸ்டார், ஐந்தாவது போன் எடுக்காததற்குப் போச்சு

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் டர்போ வண்டிக்கென்றே இருக்கிற இந்தப் பட்டறையைத் தேடி நான் வந்தது, ஏற்கெனவே இரண்டு இடத்தில் காசைத் தொலைத்த பிறகுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2012 மாடல் லாரா வி.ஆர்.எஸ். ஸ்கோடா இதை 2011-இல் இங்கே இறக்கியது. வெளிநாட்டு வி.ஆர்.எஸ்ஸில் 2.0 லிட்டர் டர்போ, 200 குதிரை. நமக்கு வந்தது சாதா லாராவில் இருந்த அதே 1.8, அதே 160 குதிரை. பம்பரும் சீட்டும்தான் வேறு. அந்தக் கடுப்பில்தானோ என்னவோ, முந்தைய ஓனர் ரீமேப் செய்து, அதாவது பவர் கூடுவதற்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். எனக்குக் காங்கயத்தில் கொப்பரைக் களம். வாரமெல்லாம் டாடா ஏஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது.

ஆறு மாதமாக மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் அவ்வப்போது எரியாமல் தவறுவது. பெருந்துறை ரோட்டில் மூணாவது கியரில் மிதித்தால் 3,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் வண்டி திக்கித் திக்கி இழுக்கும், செக் இன்ஜின் லைட் சிமிட்டும். அது சும்மா எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். சிமிட்டினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். இது போதாதென்று, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் வண்டி கிடுகிடுவென்று நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். எங்கள் மாமா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏன் மாப்ள, பேருக்கேத்த மாதிரி வண்டி வி.ஆர்.எஸ். வாங்கிருச்சாட்ட இருக்குது?” என்பார்.

முதல் பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0300, பி0302 என்று இரண்டு பழுதுக் குறியீடு வந்தது. முதலாவது எந்த சிலிண்டர் என்று சொல்லாத பொதுவான மிஸ்ஸிங், அடுத்தது இரண்டாவது சிலிண்டர். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் நாலு, பிளக் நாலு, இன்ஜெக்டர் கிளீனிங் என்று 31,000 ரூபாய் பில். ஊர் வந்து சேர்வதற்குள் லைட் மறுபடி சிமிட்டியது. அடுத்த இடத்தில் வண்டியைத் தொடவே இல்லை, “ரீமேப்பை எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்தபோது பானெட்டைத் திறக்கவில்லை. பட்டறைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒரு ஸ்டூலைப் போட்டு, “எப்பங்ணா வருது? சூடாயிருக்கறப்பவா, ஆறியிருக்கறப்பவா? சும்மா ரேஸ் குடுத்தா வருதா, லோடுல மட்டுமா?” என்று கால் மணி நேரம் கேள்வி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கடைசியில், “இது ரெண்டு நோவுங்ணா. நீங்க ஒண்ணுன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க” என்றார்.

அப்புறம் உறிஞ்சு குழாய்க்குள் புகையை ஏற்றிப் பார்த்தார்; பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, எங்கேயும் லீக் இல்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை நீலாம்பூர் பைபாஸில் ஓட்டச் சொன்னார். எந்த சிலிண்டர் எத்தனை முறை எரியத் தவறியது என்று இன்ஜின் கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருக்கும். இரண்டாவதில் 41, மற்றதில் எல்லாம் மூன்று, நாலு. திரும்பி வந்து இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றினார். மறுபடி பைபாஸ். கணக்கு இரண்டாவதிலேயே ஏறியது, ஆக காயில் மேல் பழி இல்லை. இப்போது இரண்டாவது பிளக்கை நாலாவதில் போட்டார். மூணாவது தடவை போனபோது கணக்கு நாலாவதில் ஏறியது. பத்து பைசாவுக்குப் பொருள் மாற்றாமல் பிடித்துவிட்டார்.

பிளக்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, விரிசல். பொறி அந்த வழியாகக் கசிந்து ஓடுகிறது. மாட்டியவர்கள் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் சாய்த்து முறுக்கியிருப்பார்கள் என்பது அவர் ஊகம். இன்னொன்றும் இருந்தது: நாலு பிளக்கிலும் பொறி தாண்டும் கேப் 0.8 மி.மீ., பெட்டியில் வந்த அளவு. பூஸ்ட் கூடக் கூட சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது, அதைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ரீமேப் செய்த வண்டிக்கு அந்த இடைவெளி அதிகம். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, மிதித்தால்தான் பொறி அணையும். புது பிளக்குக்கு சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுகிற, ஒரு படி குளிர்ந்த ரகமாகப் பார்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 0.65-க்குக் கொண்டுவந்து மாட்டினார்.

காலை நடுக்கம் அடுத்த நோவு. இந்த இன்ஜினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்ளே விடும் வால்வின் முதுகைக் கழுவ ஆள் இல்லை. ஆயில் ஆவி படிந்து படிந்து கரி கட்டிவிடுகிறது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டியபோது எனக்கே அருவருப்பாக இருந்தது, அடுப்பில் பால் பொங்கிக் கருகின மாதிரி ஒரு திப்பி. வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். அதை அடிக்கும் குழாய் மூக்கைக் கோவை கணபதியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கி வைத்திருக்கிறார், விலைக்கு வாங்கினது மாதிரியே இருக்கிறது. “எங்க களத்துல தேங்காத் தொட்டி மலையாட்டக் கெடக்குது, அதை அரைச்சு அடிக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “நாரு ஒண்ணு உள்ள போச்சுன்னா இன்ஜினு நீங்க வாங்கித் தரணுங்ணா” என்றார். அதோடு அந்தத் தொழில் யோசனையை விட்டுவிட்டேன்.

மொத்தம் 21,500 ரூபாய். அதில் 3,000 நோவைக் கண்டுபிடித்ததற்கு மட்டும், தனியாக எழுதியிருந்தார். “பார்க்கறதுக்குக் கூடக் காசா?” என்று நம் ஆட்கள் கேட்பார்கள். பார்க்காமல் மாற்றியதற்கு நான் கொடுத்த 31,000-த்தை நினைத்துக்கொண்டு பேசாமல் கொடுத்தேன். இரண்டு மாதமாகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசியும் ஏறி இறங்கினேன், லைட் ஒரு முறைகூட வரவில்லை. இப்போது எக்ஸ்பி95 என்கிற 95 ஆக்டேன் பெட்ரோல் மட்டும்தான் போடுகிறேன். அதுவும் அவர் சொல்லித்தான்.

குறை என்றால், வியாழன் தருகிறேன் என்றவர் சனிக்கிழமைதான் கொடுத்தார். நடுவில் பதினோரு தடவை கூப்பிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உட்கார இடமும் கிடையாது, எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். போனை நம்பாமல் காலை ஒன்பதரைக்குள் நேரில் போய்விடுங்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ரேஸ் இருக்கிற வாரம் போகவே வேண்டாம், ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஆள் அங்கேதான் இருப்பார்.