கூட்டத்தில் ஒருவரா, குறும்படத்தில் நாயகரா?

நடிப்பில் அரிச்சுவடி கூடத் தெரியாதவர் திரை நடிப்பைப் பழக இரண்டு வழிகள். கூட்டக் காட்சியில் நின்றால் பெரும்பாலும் நாள் கூலி உண்டு. படப்பிடிப்புத் தளத்தின் ஒழுங்கும் பழகும். ஆனால் நாள் முழுக்கக் காத்திருந்தபின் திரையில் தெரிவது பெரும்பாலும் முதுகுதான்.

மாணவர்கள் எடுக்கும் குறும்படத்தில் காசு வருவது அபூர்வம். ஆனால் நடிப்பு வேலையைக் கற்பது அங்கேதான். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய நாடாவைக் குனிந்து பார்க்காமலேயே அதன்மேல் வந்து நிற்க வேண்டும். தொலைவிலிருந்து எடுக்கையில் எந்தச் சொல்லுக்குக் கோப்பையைத் தூக்கினீர்களோ, அதே காட்சியை அருகிலிருந்து மறுபடி எடுக்கையிலும் அதே சொல்லுக்குத் தூக்க வேண்டும். தவறினால் படத்தொகுப்பில் உங்கள் நல்ல நடிப்பு வெட்டுப்படும். நடிகர் தேர்வுக்கு அனுப்ப, நீங்கள் நடித்த ஒரு நிமிடப் படத்துண்டும் மிஞ்சும், இயக்குநர் படத்தை முடித்தால்! (பலர் முடிப்பதில்லை.)

என் ஓட்டு குறும்படத்துக்கே. தளத்தையே பார்த்திராதவர் மட்டும் முதலில் இரண்டு நாள் கூட்டத்தில் நின்று வரலாம்.